பட்டறைக்கு டூல்ஸ்: எந்த பிராண்டு, எந்தக் கடை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியும், கரூரில் பஸ் பாடி, பல்லடத்தில் தறி, பொள்ளாச்சியில் டிராக்டர் என்று நம்ம கொங்கு நாட்டில் ஸ்பேனர் பிடிக்காத ஊரே கிடையாது. ஆனாலும் புதுசாகப் பட்டறை போடுகிற தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கம்பெனி செட்டு வாங்கறதுங்க?" கம்பெனி பேரை மட்டும் வைத்து செட்டு வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். உங்கள் பட்டறைக்கு வருகிற வண்டியைப் பார்த்து சைஸை முடிவு பண்ணுங்கள், சைஸைப் பார்த்து பிராண்டை முடிவு பண்ணுங்கள், அது ரெண்டையும் விட, உடைந்தால் மாற்றித் தருகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். பெருந்துறையில் ஹைவே ஓரம் பட்டறை என்பதால் லாரி, டிராக்டர், குட்டி யானை, கார், பைக் எல்லாமே என்னிடம் வரும். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

மாருதி, ஹோண்டா, யமஹா மாதிரி ஜப்பான் வழியில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் 6 எம்.எம். போல்ட்டுக்கு 10 ஸ்பேனர், 8 போல்ட்டுக்கு 12, 10 போல்ட்டுக்கு 14, 12 போல்ட்டுக்கு 17 என்று வரும். டாடா, மஹிந்திரா பக்கம் போனால் அதே 8 போல்ட்டுக்கு 13, 10 போல்ட்டுக்கு 17 (புது வண்டிகளில் 16-ம் உண்டு), 12 போல்ட்டுக்கு 19. அதனால் ஸ்கூட்டர், கார் பார்க்கிறவர் கையில் 10, 12, 14 தேயும், லாரி பார்க்கிறவர் கையில் 13, 17, 19 தேயும். பழைய மாஸி டிராக்டர் வந்தால் கதையே வேறு, அதில் நிறைய இடத்தில் இன்ச் போல்ட். முக்கால் இன்ச் என்பது 19.05 எம்.எம்., அதற்கு 19 ஸ்பேனர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஒன்பதுக்குப் பதினாறு இன்ச் என்பது 14.29. அதில் 14 ஏறாது, 15 போட்டால் ஆடும், ஆடினால் போல்ட் தலை உருண்டு போகும், அப்புறம் உளியும் சுத்தியும்தான். டிராக்டர் பார்க்கிறவர்கள் ஒரு சின்ன இன்ச் செட்டு, முடிந்தால் ரிங் ஸ்பேனராக (போல்ட் தலையை வளையமாகச் சுற்றிப் பிடிப்பது), தனியாக வாங்கி வைத்தே ஆக வேண்டும்.

இப்போது பிராண்டு. நம்ம ஊர்ப் பட்டறைகளில் பத்தில் எட்டு பெட்டியில் இருப்பது டபாரியாதான், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. நாசிக்கில் செய்கிற கம்பெனி, 1969-ல் ஸ்வீடன் நாட்டு பாஹ்கோவின் தொழில்நுட்ப உதவியோடு உற்பத்தியை ஆரம்பித்தது. இந்த பாஹ்கோ யாரென்றால், நாம் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று சொல்கிறோமே, இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற அதன் வடிவத்தைக் கொண்டு வந்த யோஹான்சன் என்பவரின் டூல்ஸை உலகம் முழுக்க விற்ற கம்பெனி. அதனால் டபாரியாவின் ஸ்க்ரூ ஸ்பேனரையும் பைப் ரிஞ்சையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ரிங் ஸ்பேனர் செட்டும் (6-7-ல் ஆரம்பித்து 20-22 வரை வரும் எட்டு பீஸ் செட்டு) கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் உழைக்கும். அதைவிட முக்கியம், பவானியிலோ காங்கேயத்திலோ ஒரு சாதாரண ஹார்டுவேர் கடையில்கூட ஒற்றை 12-13 ரிங் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஸ்பேனர் தொலைந்து, லோடு வண்டி வாசலில் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா பக்கம் செய்கிற பிராண்டுகள் ஏகப்பட்டது. நம்ம நாட்டில் கைக்கருவி செய்வதற்குப் பேர் போன ஊர்கள் அவை, வெளிநாட்டுக்கே நிறைய அனுப்புகிறார்கள். ஆனால் அங்கிருந்து வருகிறது என்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. ஏற்றுமதிக்குச் செய்கிற நல்ல சரக்கும் வரும், வெறும் முலாம் பூசிய மெதுவான இரும்பும் வரும். சுத்தி, உளி, சம்மட்டி, கிரீஸ் கன் இதற்கெல்லாம் அந்தச் சரக்கு தாராளமாகப் போதும். ஸ்பேனர் என்றால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது? கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் தலை கெடாத ஒரு புது 8 எம்.எம். போல்ட் போட்டுக்கொண்டு போவேன். 13 ரிங்கை அதில் மாட்டி, பிடியின் நுனியை லேசாக இடதும் வலதும் ஆட்டினால், நல்ல ஸ்பேனரில் ஒரு சின்ன அசைவு மட்டும் இருக்கும், மட்டமானதில் பிடி ஒரு விரல் அகலத்துக்கு நகரும். அடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ரிங்கின் உள்பல்லைப் பாருங்கள். பன்னிரண்டு மூலையும் ஒரே மாதிரி, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும், மூலையில் முலாம் கட்டியாக நின்றால் அது உரிந்து விரலைக் கிழிக்கும். கடைசியாக எழுத்து. நம்பரும் பேரும் அடித்தது தெளிவாக இல்லாமல் கரைந்த மாதிரி இருந்தால் அந்த டப்பாவை மூடிவிட வேண்டியதுதான், ஏனென்றால் நல்ல பேர் எடுத்த பிராண்டுக்கெல்லாம் டூப்ளிகேட் ஓடுகிறது. அசலைவிட ரொம்பக் குறைவாக ஒருவர் விலை சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

கெடோர் ஜெர்மனி, 1919-ல் ரெம்ஷைட் ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் ஆரம்பித்தது. அந்த ஸ்பேனரைக் கையில் பிடித்தால் எடை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும், தலை மெலிசாக இருப்பதால் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கை போகாத இடத்தில் நுழையும். விலை அதிகம்தான். ஆனால் 13-ம் 17-ம் மட்டும் இந்தத் தரத்தில் வாங்கிக்கொண்டு மற்றதை டபாரியாவில் விட்டால் செலவு கட்டுக்குள் நிற்கும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிளையர் என்றால் நிபெக்ஸ், அதுவும் ஜெர்மனிதான், அதன் தண்ணிக் குழாய் பிளையர் பைப்பை ஒரு தடவை கவ்வினால் கையை அழுத்தாமலே பிடித்துக்கொள்ளும். பைக் வேலை பார்க்கிறவர்கள் ஸ்க்ரூ டிரைவருக்கு வெசல் வாங்குங்கள். ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ சாதாரண பிலிப்ஸ் அளவு கிடையாது, ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் நாட்டுத் தர அளவு. நிறைய ஸ்க்ரூவின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் போட்டால் நழுவி மேலே ஏறி ஸ்க்ரூவைக் கடித்துவிடும், ஜே.ஐ.எஸ். முனை போட்டால் அடி வரை உட்கார்ந்து திருகும்.

ஸ்னாப்-ஆன் பற்றியும் கேட்கிறார்கள். 1920-ல் அமெரிக்காவில் ஐந்து பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்த கம்பெனி, பாஹ்கோவையும் 1999-ல் அவர்கள்தான் வாங்கினார்கள். அவர்கள் சாக்கெட் போல்ட்டின் மூலையை அழுத்தாமல் பக்கவாட்டை அழுத்தும்படி செய்திருப்பதால் தலை உருளாது, இப்போது நல்ல கம்பெனிகள் பலவும் அதே மாதிரி செய்கின்றன. அருமையான சாமான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாட்டில் டூல்ஸ் வேன் பட்டறை வாசலுக்கே வந்து, உடைந்ததை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்துவிட்டுப் போகும். அந்த சேவையையும் சேர்த்துத்தான் அந்த விலை. பெருந்துறையில் என் வாசலுக்கு அந்த வேன் வராது, அப்புறம் நான் எதற்கு அந்த விலை கொடுக்க வேண்டும்? அவர்களுடைய ஒரு ராட்செட் (சாக்கெட்டை மாட்டி, கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகுகிற பிடி) விலைக்கு இங்கே ஒரு சாக்கெட் பெட்டியே வந்துவிடும். சாக்கெட் பெட்டிக்கு நான் சொல்வது தைவான் சரக்கு, கிங் டோனி மாதிரி. ஸ்டான்லி பெட்டியும் பார்க்கலாம், எந்த நாட்டில் செய்தது என்று அட்டையில் படித்துவிட்டு வாங்குங்கள். ராட்செட்டில் 72 பல் இருந்தால் 5 டிகிரி நகர்ந்தாலே அடுத்த பல் விழும், 24 பல் என்றால் 15 டிகிரி வேண்டும், கேபினுக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிசு. சாக்கெட் ஆறு மூலையாகவே வாங்குங்கள், துருப்பிடித்த போல்ட்டில் பன்னிரண்டு மூலை நிற்காது.

இன்னொன்று, இதை எல்லாப் பட்டறைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பளபளக்கிற குரோம் சாக்கெட்டை ஏர் கன்னில் (காற்று அழுத்தத்தில் அடித்து அடித்துத் திருகுகிற மெஷின்) மாட்டவே கூடாது. அது கடினமாகப் பதம் பண்ணியது, கன் அடிக்கிற அடி தாங்காமல் வெடித்துச் சிதறும், கண்ணுக்குப் போனால் போனதுதான். கன்னுக்கு என்று கறுப்பாக, தடிச்ச சுவரோடு வருகிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக இருக்கிறது, அதை மட்டும் போடுங்கள்.

சரி, கடை. கோவையில் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு நாள் ஒதுக்கிப் போய் நாலு கடை ஏறி இறங்குவது நல்லது. நான் வழக்கமாகப் போகிற கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர டிராயர் முழுக்க வாய் விரிந்த ஸ்பேனர், பிளந்த சாக்கெட், பல் போன ராட்செட். எல்லாம் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது, கம்பெனி ஆள் வரும்போது காட்டி மாற்றுவதற்காக அப்படியே வைத்திருக்கிறார். ஒரு தடவை 19 சாக்கெட் ஒன்று பிளந்து கொண்டுபோனேன். பிராண்டு பேர் வேண்டாம்.

"கன்ல போட்டீங்களா, கையில போட்டீங்களா?"

"கையிலதானுங்கண்ணா, பைப்புகூடப் போடலீங்க."

பிளந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆமாங்க, உள்ள ஏற்கனவே கீறல் இருந்திருக்குது, பாருங்க இந்த ஓரம் மட்டும் கறுத்துக் கெடக்குது" என்று சொல்லி, ஸ்டாக்கில் இருந்து புதுசு எடுத்து அப்பவே கொடுத்துவிட்டார். அதே மாதிரி ஒரு விஷயத்துக்குப் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில், "அதெல்லாம் கம்பெனி மாத்தாதுங்க, வித்தா வித்ததுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். ரெண்டு கடைக்கும் விலையில் வித்தியாசம் சொற்பம்தான்.

பில் கட்டாயம் வாங்குங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் பிடிக்கிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால் நாளைக்கு மாற்றிக் கேட்க வாய் இருக்காது. ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கும்போது நானும் பார்ப்பேன், ஆனால் விற்கிறவர் யார் என்று தெரியாமல் ஸ்பேனர் வாங்க மாட்டேன், அளவு டேப், எல்.இ.டி. லைட், மேக்னட் தட்டு இந்த மாதிரி சாமானோடு சரி. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பழைய ஜெர்மன், இங்கிலீஷ் ஸ்பேனர்கள் கிடைக்கும். முலாம் போயிருந்தாலும் வாய் விரியாமல், வெல்டிங் தொடாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இன்ச் சைஸ் தேடுகிற டிராக்டர் மெக்கானிக்குக்கு இது நல்ல இடம்.

டார்க் ரிஞ்ச் (போல்ட்டை வைத்த அளவுக்கு இறுக்குவதற்கான ரிஞ்ச்) மட்டும் பழசு வாங்காதீர்கள். புதுசை நல்ல பிராண்டில் கலிபரேஷன் சர்ட்டிபிகேட்டோடு வாங்கி, வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை கோவையில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப்பில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட் இறுக்குகிற சாமான் அது.

கையில் காசு கம்மியாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிற தம்பி என்றால், டபாரியா ரிங் செட்டும் டி.ஈ. செட்டும் (ரெண்டு பக்கமும் திறந்த வாய் உள்ள ஸ்பேனர்), அரை இன்ச் டிரைவில் ஒரு நல்ல ராட்செட், அதற்கு ஆறு மூலையில் 10-லிருந்து 19 வரை சாக்கெட், ஒரு கட்டிங் பிளையர், ஒரு சர்க்ளிப் பிளையர், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பால் பெயின் சுத்தி, ஒரு ஆலன் கீ செட்டு, இவ்வளவு போதும். மீதியை வேலை வர வர ஒவ்வொன்றாக அதே கடையில் வாங்குங்கள், ரெண்டு வருஷத்தில் அந்தக் கடைக்காரருக்கு உங்கள் முகமும் உங்கள் வேலையும் தெரிந்துவிடும், அப்புறம் கடனுக்கும் கொடுப்பார்.