புதர் மண்டிய நிலம்: உழுவதா, கொத்துவதா, மூடுவதா?

பல வருடம் யாரும் கால் வைக்காத நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்க மூன்று வழிகள் உண்டு: ரோட்டவேட்டர் விட்டு உழுவது, கையால் கொத்திக் களை பொறுக்குவது, வெளிச்சம் புகாமல் மூடிவைப்பது. நான் மூடினேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எந்த வழியானாலும் முள்செடிகளையும் சிறு மரங்களையும் தூரோடு தோண்டித்தான் ஆக வேண்டும். மீதியைத் தரையோடு அறுத்தால் போதும். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். சிலருக்கு அது பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

வேகத்தில் உழவுக்கு ஈடில்லை. காலையில் புதர், சாயங்காலம் பொலபொலவென்ற மண். கையால் கொத்துவது இடுப்பை ஒடிக்கும், மூடுவது பொறுமையைச் சோதிக்கும். இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்வி: இரண்டாம் வருடம் களையெடுக்க எவ்வளவு நேரம் போகும்?

இந்த இடத்தில்தான் உழவு கவிழ்கிறது. அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுச் செடி கிளம்பும். ரோட்டவேட்டர் அந்தத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நிலம் முழுக்கச் சீராக நட்டுக் கொடுத்துவிடுகிறது. கோரை இன்னும் மோசம். ஒரு கோரையைப் பொறுமையாகத் தோண்டிப் பாருங்கள்: கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டில் கறுத்த கிழங்குகள் வரிசையாகக் கோத்திருக்கும். அந்தத் தொடர் அறுபடாதவரை பல கிழங்குகள் உறங்கியே கிடக்கும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும்.

அப்புறம் விதைகள். மண்ணைப் புரட்டும்போது கணநேரம் படும் வெளிச்சமே பல களை விதைகளை எழுப்பிவிடும். 1879-இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் மிச்சிகனில் புட்டிகளில் புதைத்த விதைகளில் சில 2021-இலும் முளைத்தன. எடுத்து எடுத்துத் தீர்த்துவிடலாம் என்பது நடக்கிற காரியமில்லை. கீழே கிடப்பதைக் கீழேயே விடுவதுதான் லாபம்.

சிறு பரப்புக்கு அட்டையும் மூடாக்கும் போதும். அட்டைப்பெட்டியின் ஒட்டு நாடாவையும் பின்னையும் உரித்துவிட்டு, ஓரங்கள் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சொதசொதவென நனைத்து, மேலே மக்கிய எருவும் வைக்கோலும் பரப்ப வேண்டும். அந்த ஒரு சாணில் கஞ்சத்தனம் கூடாது. இடுக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் அருகம்புல் தலை நீட்டும். பூசணி மாதிரிப் படரும் கொடிகளை அட்டையில் துளையிட்டு அன்றைக்கே வைக்கலாம். கேரட், முள்ளங்கி அடுத்த பருவத்துக்கு.

எருவில் மட்டும் ஜாக்கிரதை. அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி தெளித்த புல்லோ, அதைத் தின்ற மாட்டின் சாணமோ வந்து சேர்ந்தால் தக்காளியும் பீன்ஸும் இலை சுருண்டு நிற்கும். சந்தேகம் இருந்தால் அந்த எருவில் நாலு பீன்ஸ் விதை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பரப்பு பெரிது என்றால் கறுப்புத் தார்ப்பாய். வெயில் கொளுத்தும் மாதங்களில் அதைவிட நிறமற்ற பாலித்தீன் நல்லது: மண்ணை நனைத்து, ஷீட்டை ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து, 4 முதல் 6 வாரம். மண்வழி நோய்களை ஒடுக்க இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட முறை இது. களை சாவது கூடுதல் லாபம்.

ஆனால் கோரையிடம் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். அதன் ஊசிமுனைக் குருத்து கறுப்பு பாலித்தீனையே குத்திக்கொண்டு வெளியே வரும். நிறமற்ற ஷீட்டுக்கு அடியில் வெளிச்சம் படுவதால் இலை அங்கேயே விரிந்து மாட்டிக்கொள்ளும், அது ஒரு ஆறுதல். கோரை மண்டிய சிறு இடம் என்றால் என் ஓட்டும் கைவேலைக்குத்தான். மண் ஈரமாக இருக்கும்போது, மண்வெட்டியால் வெட்டாமல் பல் வைத்த ஃபோர்க்கால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணிலேயே இருக்கும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டால் வேலை சுலபம் என்பார்கள். வேர்வரை போய்க் கொல்லும், உண்மைதான். மண்ணில் கிடக்கும் விதையை ஒன்றும் செய்யாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியது. மற்ற சில அமைப்புகள் அதை ஏற்கவில்லை. சாப்பிடப்போகும் மண்ணில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

என் மண் மணற்பாங்கானது. இறுகிப்போன களிமண்ணில் இதை நான் செய்து பார்த்ததில்லை. அங்கே ஒரே ஒருமுறை உழுதுவிட்டு உடனே மூடுவது சரியாக இருக்கலாம்.

எப்படிச் செய்தாலும் முழு நிலத்தையும் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். பராமரிக்க முடிந்த அளவுக்கு மூடி, மீதியைப் பூக்குமுன் அறுத்துக்கொண்டே இருந்தால் போதும். மூடிய பகுதியைச் சுற்றி ஒரு மண்வெட்டி ஆழத்துக்குச் சால் எடுத்து, மாதம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த நிலத்து அருகம்புல் அந்த ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழையும்.