கோவை–சென்னை விமானத்தில் இடப்பக்க ஜன்னல்: நான்கு வருட அனுபவம்

பவானியில் இருக்கும் என் அத்தை அடுத்த வாரம் முதன்முறையாக விமானம் ஏறுகிறார். "எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும், கண்ணு?" என்று நேற்று இரவு கேட்டார். கேட்ட நேரம்தான் சரியில்லை. நேற்றுக் காலைதான் 400 ரூபாய் கூடுதலாகக் கட்டி வாங்கிய ஜன்னலோர இருக்கையில், ஜன்னலே இல்லாமல் சென்னைக்குப் போயிருந்தேன்.

நான்கு வருடமாக மாதம் ஒரு தடவையாவது போய்வருகிற வழி இது. காலை விமானம் என்றால் இடப்பக்கம், அதாவது 'ஏ' இருக்கை. விமானம் வடகிழக்கே போவதால் வெயில் வலப்பக்கத்தாருக்கு, மலைகள் நமக்கு. விமான நிலையம் இருக்கும் பீளமேட்டை விட்டு ஏறியதும் நீலகிரி ஒரே சுவராக எழுந்து நிற்கும். மழை ஓய்ந்த ஐப்பசிக் காலையில் அதன் மடிப்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். அவிநாசியைத் தாண்டிச் சற்று நேரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம், மலை இடுக்குகளுக்குள் விரல் விரித்தாற்போல் கிடக்கும். அணை நிறைந்த வருடத்தில் அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்ட அணை அது. அப்புறம் சேலம், சேர்வராயன் மலை.

ஆடிக் காற்றில் மட்டும் கணக்கு மாறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மேற்கே ஏறித்தான் திரும்புவார்கள். வலப்பக்கம் திரும்பினால் திரும்பி முடிக்கும்வரை இடப்பக்கத்தாருக்கு வெறும் வானம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏர்பஸ் 320இல் நடுவரிசைகள் வேண்டாம்; இறக்கை தரையை மறைக்கும். இறக்கைக்குப் பின்னால் போனால் என்ஜின் வெப்பத்தில் காட்சி அலைபாயும். முன்வரிசைகள்தான் நல்லது. ஏடிஆர் என்கிற சிறிய விசிறி விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேல் இருக்கிறது, தாழவும் பறக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் நேற்று ஆறாம் வரிசை எடுத்தேன். உட்கார்ந்து திரும்பினால் தோளுக்கு நேரே வெளிர்நிறப் பிளாஸ்டிக் பலகை. முன்இருக்கையின் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று. கழுத்தை ஒடித்து அதன் வழியாகப் பார்த்தபோது மேட்டூர் ஒரு மின்னலாக வந்து போனது. முன்வரிசைப் பையனுக்கோ ஒன்றரை ஜன்னல். அவன் மூடியை இறக்கிவிட்டுத் தூங்கினான்.

காரணம் எளியது. விமான உடலைத் தாங்கும் சட்டகங்கள் 21 அங்குல இடைவெளியில் இருப்பவை, ஜன்னல்களும் அப்படியே. இருக்கை வரிசைகளை 28, 29 அங்குலத்தில் நிறுவனம் பொருத்துகிறது. இரண்டும் ஒத்துப்போகாது. அது குற்றமில்லை. ஆனால் எந்த வரிசைக்குச் சுவர் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் 'ஜன்னல்' என்று எழுதிக் காசு வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பணிப்பெண்ணிடம் கேட்டேன். "இருக்கை ஓரத்தில்தானே இருக்கிறது, சார்" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்?

இனி இருக்கைக்கென்று ஒரு ரூபாய் கட்டமாட்டேன். யாரும் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அத்தைக்கு மட்டும் மூன்றாம் வரிசை 'ஏ' எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பணம் கட்டியே. அந்த வரிசையில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன், முழு ஜன்னல் இருந்தது. விமானத்தை மாற்றாமல் இருக்க வேண்டும்.