மையமா, வீட்டுக்கு வரும் தெரபிஸ்டா: டர்பனில் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நடத்தைச் சிகிச்சை

எங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபின் எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உம்லாங்கா பக்கத்தில் ஒரு தனியார் மையம். அங்கே வாரத்தில் ஐந்து நாளும் காலை முழுவதும் ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சி. மற்றொன்று, சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கே வாரம் இரு முறை வந்து, குழந்தையோடு சேர்த்து வீட்டுப் பெரியவர்களையும் பழக்கும் தெரபிஸ்ட். அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியையும் விசாரித்தோம். செலவு மிகக் குறைவு, ஆனால் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே விழுந்த இடைவெளியில் அதை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. இறுதியில் வீட்டுக்கு வருபவரையே தேர்ந்தெடுத்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: மொத்தமாகப் பார்த்தால் மையத்துக்கே கூடுதல், அதோடு என்2 நெடுஞ்சாலையின் காலை நெரிசல் வேறு.

மையத்தார் மணிக்கணக்கையே பெரிதாகப் பேசினார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற எண், உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்றது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தேறினார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அதட்டுவதும் சில வேளைகளில் தொடையில் அடிப்பதும் அன்றைய பயிற்சியின் பகுதிகளாக இருந்தன. அடியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்களிடம், அந்த மணி நேரங்களில் குழந்தையோடு உட்காரப்போகிறவர் யார், அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்று கேட்டே ஆகவேண்டும்.

தகுதி விஷயத்தில் இங்கே கவனம் தேவை. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியம், 2023 ஜனவரி முதல் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. எனவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைவிட, உளவியலாளராகவோ, தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ, பேச்சுச் சிகிச்சையாளராகவோ மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கக் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு செய்த ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா என்று பார்ப்பதே மேல். மெடிக்கல் எயிட் எனும் மருத்துவக் காப்பீட்டில் பணம் கோருவதற்கும், மாற்றுத்திறனை மருத்துவர் உறுதிசெய்யும் ஐடிஆர்-டிடி படிவத்தோடு வருமான வரியில் மருத்துவச் செலவைக் காட்டுவதற்கும் அவருடைய ரசீதுதான் உதவும்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று: கற்றது வீடு வந்து சேருகிறதா என்பது. மையத்தில் நடந்த அறிமுக வாரங்களில், பழச்சாறு வேண்டுமென்றால் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்ட என் மகன் கற்றுக்கொண்டான். அங்கே, அந்த மேசையில், அந்த அக்காவிடம் தவறாமல் நீட்டினான். வீட்டிலோ வழக்கம்போல் என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்கு இழுத்துப் போனான். ஓரிடத்தில் பழகியதை வேறிடத்தில், வேறு ஆளிடம் தானாகச் செய்யாமல் இருப்பது ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படுவதுதான். அதற்கான திட்டம் என்னவென்று மையத்தில் கேட்டபோது, மாதக் கடைசியில் ஓர் அறிக்கை தருவோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் அதே அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினார். பிறகு அவனை விட்டுவிட்டு அவனுடைய ஆயாவை, அதாவது என் அம்மாவை, பழக்கத் தொடங்கினார்: அவன் இழுத்தால் உடனே கதவைத் திறக்காமல், மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, கண்ணால் அட்டையைக் காட்ட வேண்டும். என் அம்மாவுக்குப் பேரனைக் காக்க வைக்க மனம் வரவில்லை. இரண்டு எண்ணுவதற்குள் கதவு திறந்துவிடும். அவரைப் பழக்கத்தான் அதிக நாள் பிடித்தது. ஆனால் அவர் பழகியதும் அட்டை சமையலறையிலிருந்து என் தங்கை வீட்டுக்கும், கோவிலுக்குக் கொண்டுபோகும் பைக்கும் இடம் பெயர்ந்தது. தெரபிஸ்ட் விடுப்பில் போன மாதத்திலும் வேலை நிற்கவில்லை. மையத்தில் ஊழியர் மாறினால் அந்தக் குழந்தை எத்தனை படி பின்னால் போகும் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. இங்கே மாறாத ஊழியர்கள் நாங்களே.

வயதுவந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் ஏபிஏவைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று வற்புறுத்தியதை அவர்கள் மறக்கவில்லை. இரு இடத்திலும் நாங்கள் கேட்ட கேள்வி, கையை உதறுவதை நிறுத்துவது உங்கள் இலக்குகளில் உண்டா என்பது. உண்டு என்று மையத்தார் தயங்காமல் சொன்னார்கள். யாருக்கும் காயம் இல்லாதவரை அது அவன் விருப்பம் என்றார் மற்றவர்.

மையத்துக்கும் நியாயம் உண்டு. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையாகவோ, பகலில் பெரியவர் யாருமில்லாத வீடாகவோ இருந்தால் நான் மையத்தின் பக்கமே யோசித்திருப்பேன். பிற குழந்தைகளோடு வரிசையில் நிற்கவும் முறை வரும்வரை பொறுக்கவும் பழகுவதற்கு எங்கள் வரவேற்பறை போதாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. எங்கள் மகன் முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் சேரும் ஆண்டில், வாரம் ஒரு காலை மட்டும் குழுப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.