எண்ணா, பெயரா, இணைப்பா: ஸ்பெக்கில் குறுக்குச் சுட்டு

வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து, கற்பிப்பதற்கான ஒரு சிறு நிரல்மொழிக்கு ஸ்பெக், அதாவது அதன் விதிகளை வரையறுக்கும் ஆவணம், எழுதிவருகிறோம். அதைப் படிப்பவர்களில் பாலிடெக்னிக் மாணவர்கள் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் நின்றபடி போனில் படிப்பார்கள். ‘இதற்கு அந்தப் பகுதியைப் பார்’ என்னும் சுட்டு இரு தரப்புக்கும் உதவ வேண்டும். பெரிய மொழிகளின் வழக்கங்களை நான் எடைபோட்டது இதை வைத்துத்தான்.

ஜாவா எண்ணை நம்புகிறது. அதன் ஸ்பெக்கில் 17.4 என்றால் மெமரி மாடல் (த்ரெட்கள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் விதிகள்). காகிதத்திலும் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். அத்தியாய வரிசை அதிகம் கலையாதவரை இது சரி. கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சி++ சாட்சி. லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) பற்றிய பகுதி 2011 பதிப்பில் 5.1.2, 2017இல் 8.1.5, 2020இல் 7.5.5. பழைய எண்ணைக் குறித்துவைத்தவர் புதுப் பதிப்பில் வேறெங்கோ போய் நிற்பார். நல்லவேளை, அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடைப்புக்குள் ஒரு நிலைப்பெயரும் உண்டு. லாம்டாவுக்கு ‘எக்ஸ்பர்.பிரிம்.லாம்டா’, மூன்று பதிப்பிலும் அதே பெயர். எழுதுபவர் பெயரை மட்டும் கொடுத்தால் போதும், எண்ணை லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் போட்டுக்கொள்ளும்.

கோ மொழியின் ஸ்பெக் ஒரே வலைப்பக்கம். வாக்கியத்தில் வரும் சொல்லே இணைப்பு. படிக்கச் சுகம்தான், ஆனால் ஜெராக்ஸ் தாளில் எங்கே போவதென்று தெரியாது. எங்களுக்கு ஆகாது.

எனக்கு அதிகம் பிடித்தது ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பெக்கான எக்மா-262. ‘டூநம்பர்’ (மதிப்பை எண்ணாக மாற்றும் செயல்) என்று எழுதினால், அந்த ஸ்பெக்கை உருவாக்கும் எக்மார்க்கப் கருவியே அதை வரையறையோடு இணைத்துவிடும். அதைவிடப் பெரிய உதவி எதிர்த்திசைச் சுட்டு: ஒரு வரையறையில் நின்றுகொண்டு, அதை எந்தெந்தப் பகுதிகள் பயன்படுத்துகின்றன என்று பட்டியலாகப் பார்க்கலாம். ஒரு விதியைத் திருத்தப் போகிறவருக்கு இதைப் போன்ற துணை வேறில்லை. ஆனால் இப்படித் தானாக விழும் இணைப்புகளில் எது கட்டாயம், எது கூடுதல் என்று புதிதாகப் படிக்கும் பிள்ளைக்குப் புரியாது.

அதனால் நான் சி++ வழிக்கே ஓட்டுப் போடுகிறேன்: எண்ணும் பெயரும் சேர்ந்து அச்சாகட்டும். ஒரு பகுதியில் சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும், கையாலேயே சுட்டு வைப்போம். பைதான் ஆவணங்களை உருவாக்கும் ஸ்பிங்ஸ், இல்லாத பெயரைச் சுட்டினால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே கருதும்படி அமைக்கவும் முடியும். அதையும் எடுத்துக்கொள்வோம். எங்கள் ஸ்பெக்கில் அதிகம் சுட்டப்படுவது வகைமாற்றப் பகுதி (ஒரு வகை மதிப்பை வேறு வகையாக மாற்றும் விதிகள்). பெயர் வைப்பதை அங்கிருந்தே தொடங்கலாம்.