கேரம் ஆட்டத்துக்கு 4 ஸ்டார், ‘அருகில் உள்ளவர்கள்’ பகுதிக்கு ஒன்றுகூடக் கிடையாது

பழைய வண்ணாரப்பேட்டையில் கேரம் ஆடத் தெரியாத தெரு கிடையாது, அதனால் இந்த கேம் வந்ததும் எங்கள் தெருவில் பாதிப் பேர் போனில் ஏற்றிவிட்டோம். ஆட்டம் அருமை. ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டுத் திரும்பும் கோணம் நிஜ போர்டு மாதிரியே இருக்கிறது, ரெட் போட்டுவிட்டு ஃபாலோவுக்குக் குறி பார்க்கும்போது கை நடுங்குகிறது.

ஆனால் அதிலுள்ள ‘அருகில் உள்ளவர்கள்’ பகுதி, யார் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள் என்று காட்டுகிறது. போன வாரம் என் அக்கா மகளுக்கு, 13 வயதுதான் ஆகிறது, முன்பின் தெரியாத ஒருவன் “நீ அந்த இஸ்திரி கடை மாடி வீடுதானே” என்று அனுப்பியிருக்கிறான். பிள்ளை இரண்டு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தான்? நண்பர் வீட்டிலேயே இருக்க, நான் தியாகராயா கல்லூரி மெட்ரோ வாசல், எம்.சி. ரோடு, கல்மண்டபம் என்று மூன்று இடத்தில் நின்று, கேம் காட்டிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, நின்ற இடத்தை மையமாக வைத்து அந்தந்தத் தூரத்துக்கு மேப்பில் மூன்று வட்டம் போட்டேன். மூன்றும் அவர் வீட்டுப் பக்கத்திலேயே வெட்டிக்கொண்டன. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருக்களில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆட்டத்துக்குப் பக்கத்து ஆளைக் கண்டுபிடிக்க கேம் இப்படி இருப்பிடத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. புளூடூத்தில் பத்து மீட்டர் அளவில் இருக்கும் போனைப் பிடிக்கலாம், ஒரே வைஃபையில் இருந்தால் போன்களே ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும், இரண்டுக்கும் நம் இருப்பிடத்தை கம்பெனி சர்வருக்கு அனுப்பத் தேவையே இல்லை. இந்த கேம் ஜிபிஎஸ் எடுத்து சர்வருக்கு அனுப்பி, அங்கே தூரம் கணக்குப் போடுகிறது. ஒன்று சொல்ல வேண்டும், ஆண்ட்ராய்டு 12க்கு முந்தைய போன்களில் புளூடூத் தேடலுக்கே இருப்பிட அனுமதி கேட்டாக வேண்டும், அது கேம்காரர்கள் தப்பு இல்லை. மீட்டர் கணக்கை ஊருக்கே காட்டுவது அவர்கள் தப்புதான். ‘1 கிலோமீட்டருக்குள்’ என்று மட்டும் போட்டால் ஆட்டத்துக்கு என்ன குறைந்துவிடும்?

இப்போதைக்கு போன் அமைப்பில் போய் இந்த கேமுக்கு ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அணைத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் தெரியும், அதற்குள் எங்கள் பேட்டையே அடங்கிவிடும்.

பிள்ளைகள் போனில் இருப்பிட அனுமதியே வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, இந்த கேமோ பிறந்த வருடத்தை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே விடுகிறது. அவர்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அக்கா மகள் போனிலிருந்து கணக்கையும் அழித்து கேமையும் எடுத்துவிட்டோம்.