டக்கென்று விழும் சுவிட்சும் பொங்கி வழியும் பருப்பும்: குட்டி ரைஸ் குக்கருடன் ஐந்து வருடம்

போன வாரம் பழைய அறைத்தோழன் கேட்டான். "அந்தக் குட்டி ரைஸ் குக்கர் இன்னும் உயிரோட இருக்காடா? இனிமே தனியா இருக்கப் போறேன், நானும் ஒண்ணு வாங்கிடவா?"

கேட்ட நேரம் சரியில்லை. குக்கர் அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது. ஒன்பது நாள் கழித்து நேற்று மாலைதான் திரும்பி வந்தது. அவனுக்கு ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், இவ்வளவு நீளமாகிவிட்டது.

பெட்டியில் போட்டிருக்கும் விவரமெல்லாம் தெரிந்ததுதான். மூன்று கப் அரிசி வேகும், 300 வாட், கண்ணாடி மூடி, ஒரே ஒரு சுவிட்ச். அழுத்தினால் சமைக்கும், விழுந்தால் சூடாக வைத்திருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டாலும் இந்த ஐந்து வருடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் அந்த டக் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் மறந்துவிடுவேன்.

தனியாகச் சமைப்பவனுக்கு வெங்காயம் நறுக்குவது கஷ்டமில்லை, பாத்திரம் தேய்ப்பதுகூடக் கஷ்டமில்லை. அடுப்படியில் சும்மா நிற்பதுதான் கஷ்டம். வேலை முடிந்து வந்து, பேச ஆளில்லாமல், கொதிக்கிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் 'வெளியே போய்ச் சாப்பிட்டுவிடலாமே' என்ற எண்ணம் வரும். காசு கரைவது அங்கேதான். இந்தக் குக்கர் அந்த இருபது நிமிடத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. அரிசியைக் கழுவிப் போட்டு அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். துணி மடிக்கலாம். வெந்ததும் அதுவே நின்றுவிடும்.

எப்படித் தானாக நிற்கிறது என்று ரிப்பேர்காரர் கழற்றிக் காட்டியபோதுதான் புரிந்தது. சூடாகும் தட்டின் நடுவில் ஒரு பட்டன் இருக்கிறதல்லவா, அதற்கு அடியில் ஒரு காந்தமும் ஸ்பிரிங்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு சரசரவென்று ஏறும். 100-ஐக் கொஞ்சம் தாண்டியதும் பட்டனுக்குள் இருக்கும் உலோகக் கலவை காந்தத்தை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளிவிடும், டக். கடிகாரம் கிடையாது, கணக்கு கிடையாது. தண்ணீர் தீர்ந்ததா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கிற இயந்திரம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரு ஆளுக்குச் சமைக்கும்போது தண்ணீர் அளவில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நானும் முதல் மாதம் முழுக்கத் தடுமாறினேன். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. ஜப்பானின் பழைய 'கோ' என்ற அளவு அது. சமையல் குறிப்புகளில் வரும் 240 மில்லி கப் வேறு. பாத்திரத்தின் உள்பக்கக் கோடுகள் அந்தச் சின்னக் கப்புக்கு மட்டுமே பொருந்தும். அதுகூடப் பரவாயில்லை. கோடு ஒரு கப்பில்தான் ஆரம்பிக்கிறது, எனக்கு வேண்டியதோ அரைக் கப். ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் என்றால் அரைக் கப்புக்கு முக்கால் கப் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டேன், சோறு நறநறவென்று இருந்தது. காரணம் எளிது. அரிசி தன் அளவுக்குத்தான் தண்ணீரைக் குடிக்கிறது, மீதி ஆவியாகப் போகிறது. ஆவியாவது அரிசி குறைந்தால் அதே விகிதத்தில் குறைவதில்லை. என் குக்கரில் எவ்வளவு அரிசி போட்டாலும் ஏறக்குறைய அரைக் கப் தண்ணீர் ஆவியாகிறது. ஆக, அரிசி எவ்வளவோ அவ்வளவு தண்ணீர், அதற்கு மேல் ஒரு அரைக் கப். அரைக் கப் அரிசிக்கு ஒரு கப் தண்ணீர். இந்த ஒரு கணக்கு கிடைத்த பிறகு சோறு சொதப்பியதே இல்லை.

இன்னொரு சந்தோஷம், முட்டை. நன்றாகக் கழுவி மேல்தட்டில் வைத்துவிட்டால் சோறு வேகும் ஆவியிலேயே அதுவும் வெந்துவிடும். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி அரிசியோடேயே போட்டுவிடலாம். கீரையை சுவிட்ச் விழுந்த பிறகு மேலே போட்டு மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் வாடிவிடும். மேலே கொஞ்சம் உப்பு, மிளகு, எலுமிச்சை. ஒரு பாத்திரம், ஒரு தட்டு, ஒரு ஸ்பூன். கழுவுவதும் அவ்வளவுதான். மாதக் கடைசியில் இப்படித்தான் பல ராத்திரிகள் ஓடியிருக்கின்றன, ஒரு நாளும் குறையாகத் தோன்றியதில்லை.

சரி, இப்போது பருப்பு.

தனியாக இருப்பவன் சிக்கனமாக, வயிறு நிறைய, சத்தாகச் சாப்பிட வேண்டுமென்றால் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் குழைய வேகவைப்பதைவிடச் சிறந்த சாப்பாடு இல்லை. அரைக் கப் அரிசி, கால் கப் மசூர் பருப்பு, ஒரு வெங்காயம், இருக்கிற காய். மசூர் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். இந்த இயந்திரத்துக்கென்றே செய்துவைத்த சாப்பாடு என்று தோன்றும். ஆனால் இந்த இயந்திரம் மிக மோசமாகச் செய்வதும் அதைத்தான்.

அழுத்திய பத்தாவது நிமிடம் மூடிக்கு அடியில் வெள்ளை நுரை ஏறும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் செய்ய முடியாது. முதலில் மூடியின் ஓட்டையில் ஒரு குமிழ். அப்புறம் மூடி லேசாகத் தூக்கித் தூக்கி அடிக்கும். அப்புறம் சுற்றிலும் மஞ்சள் கஞ்சி வழிந்து, குக்கரின் உடம்பில் இறங்கி, மேடையில் ஓடி, பிளக் இருக்கும் திசையில் நகரும். எப்போதும் பிளக் இருக்கும் திசைதான்.

பருப்பின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் சேர்ந்தால் குமிழ் சுலபத்தில் உடையாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். அடுப்பாக இருந்தால் தீயைக் குறைப்போம், அடங்கிவிடும். இங்கே குறைக்க என்ன இருக்கிறது? முழுச் சூடு, இல்லையென்றால் வெறும் கதகதப்பு. நடுவில் ஒன்றுமில்லை. நான் மேலே புகழ்ந்தேனே, ஒரே கேள்வி கேட்கிற இயந்திரம் என்று, அதன் மறுபக்கம் இது.

ஐந்து வருடமாக இதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவினேன், கொஞ்சம் குறைந்தது. அரை ஸ்பூன் எண்ணெய் விட்டேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன், அப்போதும் மூன்றில் ஒரு நாள் வழிந்தது. மூடிக்கு அடியில் ஒரு கரண்டியைக் கொடுத்துச் சாய்த்து வைத்தால் வழிவதில்லை. ஆனால் ஆவி தாராளமாகப் போய்விடும், கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டும், விட்டால் மறுபடி நுரை. துணியை மூடி மேல் போட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டவே வேண்டாம். ஆவி போகும் ஓட்டையை அடைப்பது ஆபத்து. தக்காளியை முதலிலேயே போட்டால் நுரை குறையும் என்று எங்கோ கேட்டுச் செய்தேன். நுரை குறையவில்லை, புளிப்பில் பருப்புதான் வேகாமல் நின்றது. அதிலிருந்து தக்காளி கடைசியில்தான்.

உண்மையில் பலிக்கிற வழி ஒன்றே ஒன்று. பருப்பை மட்டும் மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, பிறகு அரிசி போட்டு மூட வேண்டும். அருமையாக வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்க வேண்டாம் என்பதற்காகத்தானே இதை வாங்கினேன்?

1955-ல் ஜப்பானில் தோஷிபா முதல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மினாமி யோஷிதடாவின் மனைவி ஃபுமிகோதான் வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்து அதைச் சரிசெய்யக் காரணமாக இருந்தவர். அந்த அம்மா நடுவில் ஒரு நாள் கொஞ்சம் பருப்பும் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று மேடையைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அநியாயமான ஆசைதான்.

வழிந்ததைத் துடைத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் இருந்தேன். வெளியே வழிந்ததைத்தான் துடைக்க முடியும். உள்ளே, பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இறங்கியதை யார் பார்த்தார்கள்? சுவிட்ச் விழுந்ததும் 'வார்ம்' நிலை தானாகவே ஆரம்பித்துவிடும், அதை நிறுத்த என் குக்கரில் சுவிட்ச் இல்லை, பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். அந்த மெல்லிய சூட்டில் உள்ளே இறங்கிய கஞ்சி மணிக்கணக்காகக் காய்ந்து கோந்தாகும். போதாதற்கு மின்செலவு வேறு. 25 நிமிடம் சமைக்க 0.125 யூனிட். வார்மில் 30 வாட்டுக்கு நான்கு மணி நேரம் கிடந்தால் 0.12 யூனிட், சமைத்த செலவே இன்னொரு தடவை. மிச்சம் பிடிக்க வீட்டில் சமைக்கிறவனுக்கு இது எரிச்சலான கணக்கு. அதற்காகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோற்றை அப்படியே ராத்திரி முழுக்க மூடிவைப்பதும் தப்பு. வேகவைத்தாலும் சாகாத கிருமி விதைகள் அரிசியில் உண்டு, அறைச் சூட்டில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. மிச்சத்தைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் அது விறைத்துத் தனித்தனியாக நிற்கும், வெங்காயமும் முட்டையும் போட்டு வதக்க அதைவிட நல்ல சோறு கிடையாது.

எங்கே விட்டேன்? கோந்து. ஒரு நாள் அழுத்தினேன், விளக்கே எரியவில்லை. ரிப்பேர்காரர் தட்டைத் திருப்பிக் காட்டினார். நடுப்பட்டனைச் சுற்றிப் பழுப்பும் கறுப்புமாக ஒரு வளையம், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. "சார், பாத்திரம் தட்டுல உக்காரவே இல்ல" என்றார். பாத்திரம் சரியாக உட்காரவில்லையென்றால் சூடு அதற்குள் போகாமல் தட்டிலேயே தேங்கும். பட்டனுக்கும் சரியாகத் தெரியாது. கடைசியில், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்க உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும். சின்ன உலோகக் குழாய், இரண்டு பக்கமும் கம்பி. இதற்கா ஒன்பது நாள் என்றால், அதே அளவு ஃபியூஸ் வர எட்டு நாளாம். ஃபியூஸை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். அவர் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் அடுத்த தடவை எரிவது வேறு ஏதாவதாக இருக்கும். ஆன செலவு வெளியில் ஒரு வேளை சாப்பிடும் காசுதான்.

அந்த ஒன்பது நாளும் கனமான அடியுள்ள ஒரு பாத்திரத்தை வைத்து அடுப்பில் சமைத்தேன். இரண்டு நாள் அடிபிடித்தது. இரண்டு நாள் நன்றாகவே வந்தது. மீதி ஐந்து நாள் வெளியே சாப்பிட்டேன்.

நேற்று திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பருப்புதான் போட்டேன். கழுவி, எண்ணெய் விட்டு, பாதிப் பாத்திரத்துக்குக் கீழே நிறுத்தி, எல்லா நியமங்களோடும். பத்தாவது நிமிடம் பிளக் பக்கமாக வழிந்தது. துடைத்துவிட்டு, பாத்திரத்தைத் தூக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் பட்டனைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன். நண்பனுக்கு அனுப்பியதும் அதுதான்: "வாங்காதடா. கனமான அடி வச்ச பாத்திரம் ஒண்ணு, சரியா மூடுற மூடி ஒண்ணு. அது போதும்."

"சரி, உன்னோடது என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"வந்துடுச்சு. ராத்திரிக்குப் பருப்பு கழுவி வச்சிருக்கேன். மூடிக்குக் கொடுக்கற கரண்டியைத்தான் காணோம்."