அன்னபூர்ணா சுற்றுக்கு இரண்டு கையேடு வாங்கினேன்

போன ஐப்பசியில் நானும் தங்கை மகனும் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்று, அதாவது அன்னபூர்ணா பனிமலைகளைச் சுற்றிப் போகும் பல நாள் நடைவழி, நடந்துவிட்டு வந்தோம். எனக்கு 54 வயது, முழங்கால் அவ்வப்போது தகராறு செய்யும். அதனால் கையேடு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டு வாங்கினேன்.

ஒன்று காத்மாண்டு தமேலில் வாங்கியது. வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் பனிமலைப் படம். அட்டைதான் புதுசு, உள்ளே சரக்கு பழசு. கீழே இருக்கிற பெசிசஹார் ஊரிலிருந்தே நடக்கச் சொல்கிறது. இப்போது மேலே மனாங் ஊர் வரைக்கும் ஜீப் போகிறது. புத்தகத்தில் அந்தச் சாலையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை நம்பி அரை நாள் நடந்து புழுதி தின்றதுதான் மிச்சம். கடையில் நின்றபடியே புத்தகத்தில் சாலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் காசு தப்பியிருக்கும்.

இன்னொன்று கோவையிலிருந்தே ஆன்லைனில் வரவழைத்த ஒல்லிப் புத்தகம். கறுப்பு வெள்ளைதான். ஆனால் சாலையை விட்டு விலக, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட நடைவழி எங்கே பிரிகிறது என்று ஊர் ஊராகச் சொல்கிறது. பிசாங்கில் கீழ்வழியை விட்டு மேல் பிசாங், க்யாரு, ங்கவால் வழியாக அனுப்பியது இதுதான். க்யாரு ஏற்றம் வளைந்து வளைந்து உயிரை வாங்கும். மேலே போய்த் திரும்பினால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ‘அன்னபூர்ணா இரண்டு’ என்கிற சிகரம், மறைப்பே இல்லாமல். உயரத்துக்கு உடம்பு பழகவும் அந்த வழிதான் நல்லது. 3,000 மீட்டரைத் தாண்டினால் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கக் கூடாது என்பார்கள். இதில் ஒவ்வொரு நாளும் படுக்கும் ஊரின் உயரம் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கிறது. மனாங்கில் ஒரு நாள் ஓய்வும் போட்டிருக்கிறார்கள்.

நேரக் கணக்கு மட்டும் மோசம். கணவாய்க்கு அடியில் இருக்கிற தோரோங் பேடியிலிருந்து 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத் சேர 7 மணி நேரமாம். காலை 4 மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பிய நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலை 3 மணிக்கு. டீ குடிப்பது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எதுவும் எழுதியவர் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. ஏற்றம் கூடச் சமாளித்துவிட்டேன். 1,600 மீட்டர் இறக்கம்தான் ஆளைக் கொன்றது. கைத்தடி கொண்டு போங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எடை குறைக்க, மலை ஏறும் முன்பே புத்தகத்தை பிளேடால் அறுத்து வேண்டிய பக்கங்களை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சரஸ்வதியைக் கிழித்தாயா என்று அம்மாவிடம் திட்டு வாங்கியது தனிக்கதை.

முக்திநாத்துக்கு இரண்டு புத்தகத்திலும் இரண்டே வரி. திவ்யதேசமான சாளக்கிராமம் என்று நம்மூர் வைணவர்கள் தேடிப் போகிற இடம். கோயிலில் தண்ணீர் கொட்டுகிற 108 தாரையிலும் தலையை நனைத்துவிட்டு வா என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. இருபதாவது தாரையோடு ஓடி வந்துவிட்டேன். அம்மாவிடம் 108 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.